மாப்பிள்ளையைத் தடுக்க வந்த அமெரிக்கர்

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் போனில் சொன்னாள், "உலகத்துல பாதிப் பேர் டிவி முன்னாடி உக்காந்து உலகக் கோப்பைக் கால்பந்து பாக்குறாங்கம்மா. எங்க தெருவுல ஒருத்தர் திரும்பிப் பாக்கணுமே!" ஏன் அப்படி என்று அங்கே படித்தவர்கள் காரணம் எழுதுகிறார்களாம். ஒரு கோல் விழுவதற்குள் பொறுமை போய்விடுகிறது என்கிறார் ஒருவர். விளம்பரம் போட நடுவில் இடமில்லை என்கிறார் இன்னொருவர். அவர்களுக்கென்று சொந்த ஆட்டங்கள் இருக்கின்றன, அடுத்த ஊர் ஆட்டம் எதற்கு என்கிறார் வேறொருவர்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் என்னைக் கேட்டிருக்கலாம். பந்தைக் காலால் தொட்டே அறியாத ஒரு அமெரிக்கரை வீட்டு மாடியில் குடி வைத்து, சோறு போட்டு, கொள்ளிடத்து மணலில் கோல் காக்க நிறுத்தியவர்கள் நாங்கள். அதனால் வந்த பலனைத் தின்றவளும் நான்தான். தின்றவள் என்று சும்மா சொல்லவில்லை. கடைசியில் தெரியும்.

அப்போது நாங்கள் எடமலைப்பட்டி புதூரில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. பட்டறையில் முன்பு இருந்த வெள்ளைக்காரத் துரைகள் சாயங்காலமானால் பந்து உதைப்பார்கள். வேலி ஓரம் நின்று பார்த்துப் பார்த்து நம் ஆட்களும் கற்றுக்கொண்டார்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பங்காளிகள். எல்லோருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. பூட்ஸ் கிடையாது. கால் விரலில் நகம் இல்லாதவன்தான் நல்ல ஆட்டக்காரன் என்று பேர்.

என் நாத்தனாரைத் திருவானைக்காவலில் கொடுத்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர்; எனக்கு அண்ணி முறை. அந்தத் தெருவிலும் ஒரு பந்துக் கூட்டம் இருந்தது. கோடையில் கொள்ளிடம் வற்றி மணலாகக் கிடக்கும்போது, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே அந்த மணலில் இரண்டு தெருவுக்கும் வருஷத்துக்கு ஒரு ஆட்டம் நடக்கும். தோற்ற தெருப் பெண்கள் ஆடிப் பதினெட்டுக்கு எல்லாச் சாதமும் கிளறிக் காவிரிக் கரைக்கு எடுத்து வர வேண்டும். ஜெயித்த தெருவுக்கு முதலில் இலை. தோற்றவர்கள் பரிமாற வேண்டும். இதுதான் பந்தயம்.

வருஷா வருஷம் தோற்றது எங்கள் தெரு. வருஷா வருஷம் புளியோதரை கிளறியது நான். என் புளியோதரையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்லுவார்கள்? பொன்மலையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பாயசத்தை விட்டுவிட்டு அதை மூன்றாம் தடவை கேட்டார்கள். அப்பேர்ப்பட்ட புளியோதரையை என் நாத்தனார் ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக் கொட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுவார்: "நல்லாத்தான் இருக்கு. உப்பு மட்டும் ஒரு கல் கூட."

சொல்லிவிட்டு மறுபடியும் இலையை நீட்டுவார்.

எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஆடிப் பதினெட்டில் நான் இலை முன்னால் உட்கார வேண்டும், அண்ணி கரண்டியோடு குனிந்து நிற்க வேண்டும், நான் ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி, அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். அரிசி களையும்போது அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அது நடக்காததற்கு எங்கள் ஆட்களுக்கு ஆடத் தெரியாதது காரணமில்லை. எதிர்த் தெருவில் முன்னால் நின்று ஆடியவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. நாத்தனார் புருஷன். ஆபீசில் குமாஸ்தா, நெற்றியில் விபூதி அழியாமல், தலையில் வகிடு கலையாமல் பந்து ஆடுவார். கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றாமலே இறங்குவார். அவர் பந்தோடு வந்தால் எங்கள் பங்காளிகள் என்ன செய்வார்கள்? காலை நீட்டினால் மாப்பிள்ளை மேல் பட்டுவிடும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை எவன் உதைப்பான்? ஒதுங்கி வழி விடுவார்கள். ஒருவன் இன்னொருவனிடம், "டேய், பாத்துடா, கடிகாரம்!" என்று கத்துவான். தப்பித் தவறி ஒருவன் கால் பட்டுவிட்டால் அங்கேயே குனிந்து, அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அவன் நிமிர்வதற்குள் கோல் விழுந்திருக்கும்.

ஒரு வருஷம் எங்கள் கோல் காத்தவன், "வாங்க மாப்பிள்ளை" என்றே சொல்லிவிட்டான். வாய் பழக்கம்.

நான் என் வீட்டுக்காரரிடம், "ஒரு தடவையாவது அண்ணனைத் தடுக்கக் கூடாதாங்க?" என்று கேட்டால், "நீ தடுப்பியா?" என்பார். எனக்கு அவர் அண்ணன் முறை. நான் எப்படித் தடுப்பது?

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கர் வந்தார். அறுபதுகளின் ஆரம்பம். கோழிப் பண்ணை வைக்கச் சொல்லிக் கொடுக்க வந்த வாலிபர். எங்கள் மாடி அறையை வாடகைக்கு எடுத்தார். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். ஊரில் கோழித் துரை என்று பேர் வைத்துவிட்டார்கள். தமிழைப் புத்தகத்தில் படித்துக்கொண்டு வந்திருந்தார். "அக்கா, இன்று வெயில் மிகுதியாக உள்ளது" என்பார். நான் எழுதும் தமிழைவிட அவர் பேசும் தமிழ் சுத்தம்.

நல்ல பிள்ளை. ஆனால் காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாற்காலியில் சாய்ந்து இரண்டு காலையும் மேஜை மேல் போட்டுக்கொண்டு, பாதம் நேராக முருகன் காலண்டரைப் பார்த்தபடி புத்தகம் படிப்பார். செய்தித்தாள் தரையில் கிடந்தால் மிதித்துக்கொண்டு போவார். கதவைக் காலால் சாத்துவார். ஒரு நாள் அரிசி அளக்கிற படி மேல் அவர் கால் பட்டு அது உருண்டு ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்பா."

"எதை அக்கா?"

"எது மேல பட்டுச்சோ அதை."

அன்றிலிருந்து அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். படி, முறம், புத்தகம் எல்லாம் சரி. மாடிப் படியில் இடித்துக்கொண்டாலும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோழி மேல் கால் பட்டுவிட்டது என்று கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியதைத் தெருவே பார்த்தது. பிடித்துத் தொட்ட பிறகுதான் விட்டார்.

ஒரு நாள் அவர் குனிந்து வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். இவர் மாப்பிள்ளைக்கு மச்சானும் இல்லை, பங்காளியும் இல்லை. எந்த முறையும் இல்லாத மனுஷர். குடியிருக்கிறார், எங்கள் தெருக்காரர்தான். வெள்ளைக்காரர் வேறு, பந்து உதைக்கத் தெரியுமா என்று கேட்பானேன்? மீனிடம் நீந்தத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? நாங்களும் கேட்கவில்லை.

"தம்பி, ஞாயித்துக்கெழம எங்களோட பந்து ஆட வரீங்களா?"

"மகிழ்ச்சியுடன் வருவேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போனோம். மாமனார், மாமியார், பங்காளிகள், பந்து, நான் எடுத்து வந்த மோர்ப் பானை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது கோழித் துரை மடியில் இருந்த பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது மிகவும் உருண்டையாக உள்ளது."

"பந்துன்னா உருண்டையாத்தானே தம்பி இருக்கும்?"

"எங்கள் ஊரில் தேங்காய் போல இருக்கும்."

என் வீட்டுக்காரர் முன் சீட்டிலிருந்து திரும்பினார். "தேங்காயைக் காலால எப்படிங்க உதைப்பீங்க?"

"உதைக்க மாட்டோம். கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவோம். மற்றவர்கள் பிடித்துக் கீழே தள்ளுவார்கள்."

பங்காளிகள் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் மாமியார், "அப்ப காலு?" என்றார்.

"ஓடுவதற்கு, அம்மா."

இந்த உருண்டைப் பந்தை அவர் ஊரிலும் சிலர் உதைக்கிறார்களாம். வேறு தேசத்திலிருந்து புதிதாக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். மற்றவர்கள் நின்று பார்த்தால், இவ்வளவு நேரம் ஆடி ஒரு கோலுக்கு ஒரு கோல்தானா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். அவர் தன் வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்ததில்லையாம்.

பங்காளிகள் முகம் தொங்கிப் போயிற்று. ஒருவன், "பேசாம இங்கயே எறங்கி அம்மா மண்டபத்துல குளிச்சிட்டுத் திரும்பிடலாம்" என்றான். எனக்குப் புளி கரைக்கும் வாசனை மூக்கில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் தைரியம் விடவில்லை. "தம்பி, நீங்க உதைக்கவே வேணாம். கோல்ல நில்லுங்க. அங்க கையால புடிக்கலாம். எங்க மச்சான் வருவாரு, கடிகாரம் கட்டியிருப்பாரு. அவரை உள்ள விடாதீங்க. அவ்வளவுதான்."

"அவரை உள்ளே விட மாட்டேன்," என்றார் கோழித் துரை. எப்படி விட மாட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொள்ளிடத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மூங்கில் நட்டிருந்தது. பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ஒருவர் விசிலோடு நடுவில் நின்றார். என் நாத்தனார் முன்னமே வந்து பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, வா. புளி இந்த வருஷம் பழசா வாங்கு. போன வருஷம் புதுப்புளி."

"பாக்கலாம் அண்ணி, யாரு வாங்குறாங்கன்னு."

"அடேயப்பா! வாடகைக்கு ஆள் புடிச்சாச்சு, வாயும் வந்துடுச்சு!"

ஆட்டம் தொடங்கியதும் பந்து எங்கள் கோல் பக்கம் உருண்டு வந்தது. கோழித் துரை குனிந்து எடுத்தார். எடுத்தவர் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். மணலில் அந்த நீளக் காலை வைத்து அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, பஞ்சவர்ணசாமி கோயில் தேர் கட்டறுத்துக்கொண்டு வந்த மாதிரி. எதிராளிகள் சிதறினார்கள். டிரில் வாத்தியார் விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். எதிர்க் கோலுக்குள் போய்ப் பந்தை மணலில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினார்.

எங்கள் மாமியார் கை தட்டிவிட்டார். "கோலா?"

"இல்ல அத்தை."

"பின்ன ஏன் ஆடுறான்?"

டிரில் வாத்தியார் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கோலில் நிறுத்தி, மணலில் கட்டை விரலால் கோடு கிழித்தார். "இதைத் தாண்டிக் கையால தூக்கக் கூடாது. உங்க ஊர்ல காலை எதுக்குங்க வச்சிருக்கீங்க?"

அப்புறம் வெகு நேரம் யாருக்கும் கோல் இல்லை. அந்த உருவத்தைத் தாண்டி எதிராளிகளால் அடிக்க முடியவில்லை. எங்களாலும் முன்னேற முடியவில்லை. போகிற வழியிலெல்லாம் மாப்பிள்ளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது. கோழித் துரை அங்கிருந்தே அதையெல்லாம் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாப்பிள்ளையே பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஆட்கள் வழக்கம் போல ஒதுங்கினார்கள். "கடிகாரம்! கடிகாரம்!" என்று குரல் கேட்டது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தார். கோழித் துரை முட்டியை மடக்கி, தலையைக் குனிந்து, எதிரே ஓடி வந்தார். நான் மோர்ப் பானையைக் கீழே வைத்துவிட்டேன்.

இடுப்பைச் சேர்த்துப் பிடித்தார். தூக்கினார். எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒரு கணம் கொள்ளிடத்துக்கு மேலே ஆகாயத்தில் தெரிந்தார். பிறகு மணலில் மல்லாந்து கிடந்தார். மேலே அமெரிக்கா கிடந்தது.

பந்து ஒரு பக்கம் தானாக உருண்டு போயிற்று. அதை யாரும் பார்க்கவில்லை.

"ஐயோ, என் மாப்பிள்ளை!" என்று மாமியார் ஓடினார். "பொறந்த வீடு எனக்கு இன்னியோட முடிஞ்சுது!" என்று நாத்தனார் பாயைச் சுருட்டினார். இரண்டு தெருவும் போய்ச் சுற்றிக்கொண்டது. எதிர்த் தெருவின் கோல் காத்தவர் மாப்பிள்ளையின் தம்பி; அவரும் மூங்கிலை விட்டுவிட்டு ஓடி வந்தார். மாமனார் மாப்பிள்ளையின் மணிக்கட்டைத் தூக்கிக் காதில் வைத்தார். 

"ஓடுது," என்றார்.

கடிகாரம் ஓடுகிறதென்றால் போதுமா?  மணல் ஒட்டிய விபூதியோடு மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். மீசை துடித்தது. இது ஆடிக்கு மட்டும் இல்லை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேர்த்து முறுக்கிக்கொள்ளும் முகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இலையும் இல்லை, உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்போது கோழித் துரை அவர் முன்னால் மண்டியிட்டார். மற்றவர்கள் செய்ததை அவர் பார்த்திருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததும் நினைவில் இருந்தது. ஆனால் மற்றவர்களுக்குக் கால் மட்டும் பட்டது. இவர் முழுசாக விழுந்திருக்கிறார். அதனால் எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் வரிசையாகத் தொடங்கினார். தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். தொப்பையைத் தொட்டு ஒற்றினார். முழங்காலைத் தொட்டு ஒற்றினார். கடிகாரத்தை மறக்கவில்லை. கடைசியாக மாப்பிள்ளையின் இரண்டு பாதத்தையும் இரண்டு கையாலும் தொட்டு, கண்ணை மூடி நெடுநேரம் ஒற்றிக்கொண்டு, "பொறுத்தருள்க" என்றார்.

ஸ்ரீரங்கத்து ஜனமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் தன் காலைத் தொட்டுக் கும்பிட்டது எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்? அவர் மீசை மெள்ள மெள்ள இறங்கியது. "நல்லாரு," என்று தலையில் கை வைத்தார். அப்புறம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி, ஆட்டத்தைப் பாருங்க."

டிரில் வாத்தியார் பெனால்டி என்றார். மாப்பிள்ளையே உதைத்தார். ஆசீர்வாதம் பண்ணின மயக்கம் தீரவில்லையோ என்னவோ, பந்து நேராகக் கோழித் துரை நெஞ்சுக்கே போயிற்று. அவர் அணைத்துப் பிடித்தார். ஓடக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஒரு கையால் பந்தைத் தோளுக்குப் பின்னால் கொண்டு போய் வீசினார். அதுதான் அவர்கள் ஊர் வித்தையாம். அத்தனை பேர் தலைக்கும் மேலே அது பறந்தது.

நடு மணலில் தனியாக ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை முகத்தில் விழிக்கப் பயந்து அங்கேயே நின்றுவிட்ட என் வீட்டுக்காரர். பந்து அவர் காலடியில் வந்து விழுந்தது. எதிர்க் கோலில் ஆளே இல்லை. தம்பிக்காரர் இன்னும் அண்ணன் முதுகு மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பந்தை ஆட்டுக்குட்டியை ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டார்.

டிரில் வாத்தியார் கடைசி விசில் ஊதினார், ஜெயித்துவிட்டோம். நான் மோரை எதிர்த் தெருவுக்கும் சேர்த்து ஊற்றினேன். பெருந்தன்மை வேண்டாமா?

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்று விளங்கியது. மகளுக்கும் போனில் அதைத்தான் சொன்னேன். நமக்குக் காகிதத்தின் மேல் கால் படக் கூடாது, படியின் மேல் படக் கூடாது, பெரியவர்கள் மேல் படக் கூடாது. பிறந்ததிலிருந்து மடக்கி மடக்கி வைத்த கால். அதற்கு ஒரு பந்தைக் காட்டி, இதை எவ்வளவு வேண்டுமானாலும் உதை என்றால் விடுமா? அமெரிக்கர் காலுக்கு என்ன குறை? மேஜை மேல் ஏறியாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று, முருகனையும் பார்த்தாயிற்று. அதற்குப் பந்தை உதைத்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை. மகள், "அப்ப இங்கிலீஷ்காரன் ஏம்மா உதைக்கிறான்?" என்று கேட்டாள். காலை மடக்கச் சொல்ல அவர்கள் வீட்டிலும் ஒரு மாமியார் இருந்திருப்பார் என்றேன்.

ஆடி மாசம் வந்தது. காவிரியில் புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. பதினேழாம் நாள் காலையில் என் மாமியார் அடுப்படிக்கு வந்து நின்றார். வழக்கத்தில் இல்லாத குழைவு.

"ஏம்மா, உன் நாத்தனா பொறந்த வீட்டு விசேஷத்துக்கு வர பொண்ணு. வர பொண்ணை அடுப்புல நிறுத்துனா ஊரு என்ன சொல்லும்? மத்தச் சாதத்தை அவ கெளறிக்கட்டும். புளிக்காய்ச்சலை மட்டும் நீ காய்ச்சிக் குடுத்துடேன். ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

மாமியார் பேச்சை நான் எப்படி மறுப்பது? காய்ச்சினேன். அதுவும் மட்டமாகக் காய்ச்ச எனக்குக் கை வராது. பழம்புளி, புது மிளகாய் வற்றல், வெந்தயம் வறுத்துப் பொடித்தது, நல்லெண்ணெய் மேலே மிதக்க. ஓரம் நசுங்கிய என் பித்தளைத் தூக்கில் ஊற்றி அனுப்பினேன்.

மறுநாள் அம்மா மண்டபத்துப் பக்கம் ஆற்றங்கரையில் இலை போட்டார்கள். தோற்ற தெருக்காரர் என்றாலும் மாப்பிள்ளையை இரண்டாவதாக உட்கார வைக்க மாமியார் சம்மதிக்கவில்லை. அதனால் அவருக்கும் எங்கள் வரிசையில் முதல் இலை. பக்கத்தில் கோழித் துரை. மாப்பிள்ளை தானே அவரை இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இவருதாங்க, என் காலைத் தொட்டவரு" என்று காட்டினார்.

நானும் இலை முன்னால் உட்கார்ந்தேன். என் நாத்தனார் கரண்டியோடு வந்தார். குனிந்தார். புளியோதரை விழுந்தது. எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த இடம் அது. ஒரு வாய் போட்டேன். கண்ணை மூடினேன்.

என் புளியோதரை. சந்தேகமே இல்லை. ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கண்ணைத் திறந்தால் அண்ணி நிமிராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவர் இடுப்பில் மிச்சப் புளிக்காய்ச்சலோடு என் நசுங்கிய தூக்கு. அது யாருடையது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வரிசை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, உப்பு எப்படி?" என்று கேட்டார். குரலில் சர்க்கரை.

உப்பு கூட என்றால் என் கையைப் பழித்ததாகும். நன்றாக இருக்கிறது என்றால் அவருக்குப் பேர். நான் கொஞ்சம் மென்றேன். அவசரம் என்ன?

"கச்சிதமா இருக்கு அண்ணி," என்றேன். "யாரு கைப்பக்குவமோ, இதை மிஞ்ச இந்தக் காவிரிக் கரையில ஆளே இல்லை."

அண்ணி தூக்குக்குள் விரலை விட்டு ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். சப்புக் கொட்டினார்.

"எனக்கென்னமோ," என்றார், "ஒரு கல் கூடத்தான் தெரியுது."

நான் இலையை நீட்டினேன். "கூடவே இருக்கட்டும். இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க."